மீனம்பாக்கம் விமான நிலையம்

சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்த பன்னாட்டு விமான நிலையம். நாட்டின் மிகப் பழைய விமானத் தளங்களுள் ஒன்று. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை தபால் விமானம் ஓட்டிவர, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். மீனம்பாக்கத்துப் பழைய முனையம் பிற்காலத்தில் சரக்குக்கு ஒதுக்கப்பட்டது. பயணிகளுக்கு 1980களில் திரிசூலம் பக்கம் எழுந்த கட்டடங்கள் காமராஜர், அண்ணா பெயர்களைத் தாங்கின.

இந்த நிலையத்துக்கு வாய்த்த பெரும்பேறு எதிரே ஓடும் ரயில். கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் 1931 முதலே ஓடுகிறது. திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்தால் விமான நிலையம். அந்தப் படிக்கட்டில் பெரிய பெட்டியோடு ஏறி இறங்கியவருக்குத்தான் சிரமம் தெரியும். இத்தனை அருகே ரயில் இருந்தும், முனையம் வரை நல்ல நடைவழி அமைக்காமல் விட்டது பெருங்குறை. பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள் டாக்சிக்கும் ஆட்டோவுக்கும் கேட்டதைக் கொடுத்தார்கள்.

அந்தக் குறை தீரத் தொடங்கியது 2016 செப்டம்பரில், இங்கிருந்து சின்னமலைக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியபோது. மெட்ரோ நிலையத்திலிருந்து நடைமேம்பாலம் வழியாகவே முனையத்துக்குப் போய்விடலாம். 2019 பிப்ரவரியில் அண்ணா சாலை வழியாகச் சென்ட்ரலும், 2021-ல் விம்கோ நகரும் இதே தடத்தில் இணைந்தன. தென்மாவட்டப் பேருந்துகள் 2023 இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்துக்கு மாறிவிட்டதால், மெட்ரோவை அதுவரை நீட்டுவது அவசரத் தேவை.

இடநெருக்கடி தீரவில்லை. ஒருபுறம் திரிசூலம் மலை, மறுபுறம் அடையாறு. ஆற்றின் மேலேயே பாலம் கட்டி இரண்டாம் ஓடுபாதையை நீட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதை மூழ்கி நிலையம் சில நாள் மூடப்பட்டது; அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. 2022 டிசம்பரில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் திறக்கப்பட்டது; ஐந்து திரை கொண்ட திரையரங்கும் அங்கே இருக்கிறது. 2023 ஏப்ரலில் கோல வடிவங்களோடு புதிய பன்னாட்டு முனையம் திறக்கப்பட்டது.

இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் அருகே பரந்தூர் 2022-ல் தேர்வானது. நிலம் பறிபோகும் ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் விடாமல் எதிர்த்து வருகிறார்கள். அவர்கள் காக்கக் கேட்பது விளைநிலத்தையும் ஏரிகளையும். பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோவை நீட்டும் திட்டமும் தீட்டப்பட்டிருக்கிறது.