கோஷா மருத்துவமனை பிறந்த வரலாறு

சென்னையில் பொது மருத்துவமனை 1664-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. மகப்பேற்றுக்கெனத் தனி மருத்துவமனை 1844-இல் அமைந்தது. ஆயினும் அந்நிய ஆடவர் பார்வை படாது திரைக்குள் வாழ்ந்த கோஷாப் பெண்களும், சாதிக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பப் பெண்களும் அங்குச் செல்லத் தயங்கினர். ஆண் மருத்துவர் தொட்டுச் சோதிப்பதினும் உயிர் துறத்தலே மேல் எனக் கருதிய காலம் அது. பேறுகாலத்தில் சிக்கல் நேர்ந்தால், உதவி கிட்டாமல் வீட்டின் உள்ளறையிலேயே பலர் மாண்டனர்.

1866-இல் வழக்கறிஞரான தம் கணவருடன் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி இத்துயரைக் கேட்டறிந்தார். இதற்குத் தீர்வு பெண் மருத்துவரே எனத் துணிந்தார். தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்ட் பால்ஃபர் அதற்குத் துணைநின்றார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி உள்ளிட்ட நான்கு பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது. பெண்கள் மருத்துவம் பயிலப் பல நாடுகள் மறுத்துவந்த நாளில் இது பெரும் புதுமை.

மேரி 1878-இல் இங்குத் தேர்ச்சி பெற்றார். பின்னர் லண்டனில் பயின்று 1882-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே சென்னைக்குத் திரும்பினார். 1885-இல் விக்டோரியா அரசியாரின் பெயர் தாங்கிய, 'சாதி, கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை' நுங்கம்பாக்கத்தில் தொடங்கியது. பின்னர் வேங்கடகிரி அரசரின் பெருங்கொடையால் திருவல்லிக்கேணியில் நிலையான கட்டடம் எழுந்தது. பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்த்ததால், அதுவரை அடைபட்டிருந்த வீடுகளின் கதவுகள் திறந்தன. நோயாளியின் கூச்சத்தைக் குற்றமாகக் கொள்ளாமல், அதற்கேற்ப மருத்துவமனையே தன்னை மாற்றிக்கொண்டது. அதன் வெற்றிக்கு அதுவே காரணம்.

எனினும் அப்பெயரிலேயே ஒரு குறையும் இருந்தது. திரைக்குள் இருந்தோரை அழைத்த அம்மருத்துவமனை, சாதி வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஏழைப் பெண்களைத் தன் பெயரில் சேர்க்கவில்லை. ஒரு சாராருக்காகத் திறந்த கதவு, மற்றொரு சாராருக்கு மூடியதாகவே தோன்றியிருக்கும். நாடு விடுதலை பெற்றபின் அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. இன்று எல்லாத் தாய்மாருக்கும் உரிய அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. ஆயினும் முதியோர் வாய்ச்சொல்லில் அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

மருத்துவமனையின் வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. வர இயலாதவர் யார், அவரைத் தடுப்பது எது என்று ஓயாது வினவுவதே உண்மையான மருத்துவத் தொண்டு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.