தரகரும் சட்டமும்: 1872 முதல் இன்று வரை

நம் குடியிருப்பில் வீடு விற்கவோ வாங்கவோ பேசிக்கொண்டிருக்கும் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார், புரோக்கருக்கு லைசென்ஸ் உண்டா?" இதற்குப் பதில் சொல்ல 1872-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவரின் கடமைகளை வகுத்தது. பி.காம். படித்தபோது அதன் 215-ஆம் பிரிவை மனப்பாடம் செய்தேன். அதில் ஓர் உதாரணம் உண்டு. உரிமையாளர் தன் நிலத்தை விற்றுத் தரச் சொல்கிறார். முகவர் இன்னொருவர் பெயரில் தானே வாங்கிக்கொள்கிறார். முக்கிய விஷயத்தை நேர்மையின்றி மறைத்தார் என்றோ, விற்பனை தனக்குப் பாதகம் என்றோ காட்டினால், உரிமையாளர் அந்த விற்பனையை ஏற்க மறுக்கலாம்.

1996-இல் அப்பாவின் மனையை விற்றபோது எனக்கு நடந்தது அச்சு அசலாக அதுதான். பக்கத்து மனைக்குக் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது: வாங்கியவர் தரகரின் மைத்துனர், பணம் போட்டவர் தரகர். ஆறே மாதத்தில் நல்ல லாபத்துக்குக் கைமாற்றிவிட்டார். சட்டம் என் பக்கம் இருந்தும், கோர்ட்டுக்கு அலைய அஞ்சி விட்டுவிட்டேன்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு 1938-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கேட்டது. பங்குத் தரகர் 1992-ஆம் ஆண்டு செபி சட்டப்படி பதிவு செய்ய வேண்டியிருந்தது. வாழ்நாள் சேமிப்பையே கையாளும் வீட்டுத் தரகருக்கு மட்டும் நாடு முழுமைக்குமான பதிவேடு எதுவும் இல்லை.

அந்தக் குறையை 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது 'ரெரா', ஓரளவு தீர்த்தது. முகவர்கள் பற்றிய பிரிவுகள் 1.5.2017 முதல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டு விதிகளும் அதே ஆண்டு வெளியாயின. 9-ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற திட்டத்தில் வீடோ மனையோ விற்றுத் தரும் முகவர் தானும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். 10-ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். பொய் வாக்குறுதி தரக்கூடாது. பதிவு பெற வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால் அதை விற்கக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம்.

ஆனால் நமக்கு முக்கியமான இடைவெளி இங்கேதான். இந்தப் பதிவுக் கட்டாயம் புதிய திட்டங்களின் விற்பனைக்குத்தான். நம்முடையதைப் போன்ற பழைய குடியிருப்பில் மறுவிற்பனை செய்து தருபவருக்கும், வாடகைக்கு ஆள் பிடித்துத் தருபவருக்கும் அது பொருந்தாது. நமக்கு இன்றும் துணை 1872-தான்.

ஆகவே பழைய வங்கிக்காரன் சொல்வது நான்கு விஷயங்கள். கமிஷன் எவ்வளவு, இருபக்கமும் வாங்குகிறாரா என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். வாங்குபவரும் விற்பவரும் நேரில் பேசாமல் விலை முடிக்காதீர்கள். வில்லங்கச் சான்றை நீங்களே போட்டுப் பாருங்கள். அட்வான்ஸைத் தரகர் கையில் தராமல், விற்பவர் பெயருக்குக் காசோலையாகக் கொடுங்கள்.

நல்ல தரகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த நான்கையும் கேட்டால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.