பூட்டிய அறைக்குள் ஓர் ஆமை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

நேற்று மாலை பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாடத்தின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு கட்டம், பக்கத்தில் கியூஆர் கோடு. என் போனை வாங்கி அதன்மேல் காட்டினாள். திரையில் ஒரு முக்கோணம் வந்தது. முனையை விரலால் இழுத்தாள். கோணங்கள் மாறின, மூன்றையும் கூட்டினால் வரும் 180 மட்டும் அசையவில்லை. "தாத்தா, எப்படி இழுத்தாலும் மாறவே மாட்டேங்குது!" என்றாள்.

34 ஆண்டுகள் கரும்பலகையில் நான் வரைந்த முக்கோணம் ஒன்றுகூட அப்படி நகர்ந்ததில்லை. அவள் தூங்கப் போன பிறகு எனக்கு ஒரு பழைய சாவியின் நினைவு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1984-இல். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம்கூட இல்லை. மறு வருஷம் செப்டம்பரில்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதே 1984-85-இல்தான் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 248 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொடுத்தார்கள். அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று காலையில் வாட்ஸ்அப்பில் நமக்கு வந்து குவியும் 'குட்மார்னிங்' படம் ஒன்று அதற்குள் அடங்காது! நான் இருந்த கிராமத்துப் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. பேப்பரில் படித்ததோடு சரி.

அதற்கும் 17 ஆண்டுகள் முன்பே, 1967-இல், அமெரிக்காவில் 'லோகோ' என்ற கணினி மொழியை மூன்று பேர் சேர்ந்து குழந்தைகளுக்காகவே உருவாக்கியிருந்தார்கள். சீமோர் பேப்பர்ட், வாலி ஃபாய்ர்சைக், சிந்தியா சாலமன். பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த பியாஜேயுடன் ஜெனீவாவில் பணியாற்றியவர். பி.எட். படித்த எல்லோருக்கும் பியாஜேயைத் தெரியும். பரீட்சை எழுதியதும் மறந்திருப்போம்.

பேப்பர்ட் சொன்னது எளிய விஷயம். பிரெஞ்சு மொழி எளிதாக வர வேண்டுமானால் பிரான்சில் போய் வாழ வேண்டும். அதுபோல கணக்கு வர வேண்டுமானால் கணக்கே பேச்சுமொழியாக இருக்கும் ஓர் ஊர் வேண்டும். அப்படி ஓர் ஊர் பூமியில் இல்லை; கணினிக்குள் உண்டாக்கலாம். அந்தச் சிறு உலகத்துக்குள் அவர் ஓர் ஆமையை விட்டார். '50 அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு' என்று குழந்தை கட்டளையிட்டால், ஆமை நடந்து கோடு போடும். இன்று மெய்நிகர் உலகம், கண்ணில் மாட்டும் கருவி என்றெல்லாம் பேசுகிறோமே, அதற்கெல்லாம் இந்த ஆமை ஒரு மூத்த உறவு.

எங்கள் பள்ளிக்குக் கணினி வந்தது 2000-ஐ ஒட்டி. நாலு பெட்டிகள். அதற்கென்று ஓர் அறை, தரைவிரிப்பு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வர வேண்டும் என்ற போர்டு. கதவில் நம்மூர்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டின் பெருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவி கணக்கு வாத்தியாரான என்னிடம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஒன்றரை வருஷம் அந்தப் பூட்டை நான் அதிகம் திறக்கவில்லை. ஏதாவது உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அதிகாரிகள் வரும் நாளில் திறந்து, துடைத்து, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து 'பார்த்துக்கோங்க' என்பேன். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், இதைத் தொட்டா ஷாக் அடிக்குமா?" தொடவே விடாத வாத்தியாரிடம் அவன் வேறு எதைக் கேட்பான்?

அதன்பிறகுதான் நண்பர் ஒருவர் கொடுத்த ஃபிளாப்பியில் லோகோ வந்தது. கட்டளை எல்லாம் ஆங்கிலம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ் விசைப்பலகையே முடிவாகிவிட்டது. ஆனாலும் எங்கள் ஆமைக்குத் தமிழ் தெரியாது. 'ஃபார்வர்டு என்றால் முன்னே, ரைட் என்றால் வலம்' என்று சுவரில் எழுதி ஒட்டினேன்.

சமபக்க முக்கோணம் வரையச் சொன்னேன். கோணம் 60 தானே என்று எல்லோரும் 60 பாகை திரும்பச் சொன்னார்கள். முக்கோணம் மூடவே இல்லை. ஆமை பாட்டுக்கு எங்கோ போனது. ஒரு பெண் மட்டும் எழுந்து வெளியே போய், வேப்பமரத்தடியில் மண்ணில் கோடு கிழித்து, தானே ஆமையாக நடந்து பார்த்தாள். திரும்பி வந்து, "சார், நான் திரும்புறது உள்கோணம் இல்ல, வெளிக்கோணம். 120" என்றாள். அவ்வளவு காலம் வெளிக்கோணத்தை நான் சூத்திரமாக எழுதிப் போட்டிருக்கிறேன். அவள் அதைக் காலால் கண்டுபிடித்தாள்.

இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒவ்வொரு பெட்டியாகப் பழுதானது. சரிசெய்ய ஆள் வரவில்லை. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் அந்த அறைக்குள் உடைந்த பெஞ்சுகள் போய்விட்டன. பூட்டு மட்டும் நன்றாக இருந்தது.

நான் பூட்டைக் காத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் வேறு ஒருவர் நேர்மாறாகச் செய்தார். 1999 ஜனவரியில் டெல்லி கல்காஜியில் சுகதா மித்ரா என்பவர் சுவரில் துளையிட்டு, குடிசைப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் தொடும்படி ஒரு கணினியை வைத்தார். பிறகு காளிக்குப்பம் என்ற தமிழ் பேசும் சிற்றூரில் உயிர்த்தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்திலேயே கணினியில் போட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் தாங்களாகவே படித்து சுமார் 30 சதவீதம் எட்டினார்கள். அதற்குமேல் போக, அந்தப் பாடமே தெரியாத ஓர் இளம்பெண்ணை அவர்கள் பின்னால் நிற்கச் சொன்னார். 'அட, இது எப்படி?' என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50-க்கு ஏறியது.

இதைப் படித்தபோது எனக்கு வலித்தது. அப்படிப் பின்னால் நிற்க எனக்கும் தெரியும். நான் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

அப்புறம் வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 2011 செப்டம்பர் 15 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி. நான் ஓய்வு பெற்ற 2018-இல் கியூஆர் கோடு போட்ட புதிய பாடநூல்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. ஜியோஜீப்ராவை ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் தொடங்கினார். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் ஃபெட் பாவனைகளை ஆரம்பித்தார். இரண்டுமே இலவசம். மின்சுற்றைத் திரையிலேயே இணைத்து பல்பை எரியவிடலாம். தப்பாக இணைத்தாலும் எதுவும் உடையாது. எனக்கு இருந்த பயத்துக்கு அன்றைக்கே மருந்து இருந்திருக்கிறது.

கொரோனாவும் வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. வீட்டுக்கு ஒரே போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் பாடம் பார்ப்பான், பாதியில் தூங்கிவிடுவான். கடைசியில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. திரை மட்டும் போதவில்லை, பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக் கணினி அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக்குப் பாருங்கள். மதிய உணவு இடைவேளையில் அரைமணி நேரம் திறந்து விடுங்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள். ஒரு மவுஸ் உடைந்தால் உடையட்டும்.

அந்த வேப்பமரத்தடிப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை. இதைப் படித்தால், அம்மா, ஒரு வரி எழுது. அன்றைக்கு உன்னை நான் போதுமான அளவு பாராட்டவில்லை.