ஜெராக்ஸில் படித்த பாடம்

முட்டம் கலங்கரை விளக்கத்தைக் கரையில் நின்றே ரசிக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியணுமா? படியேறித்தான் ஆகணும். கம்ப்யூட்டரின் கெர்னலும் அப்படித்தான். மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் புரோகிராம்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் உள்கட்டு அது.

சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், மாணவர்களை அந்தப் படியில் ஏற்றிவிட்டார். யுனிக்ஸ் கெர்னலை வரிவரியாக அச்சிட்டு (10,000 வரிகூட இல்லை!), 1977-ல் ஓர் உரையும் எழுதினார். நம்ம பரிமேலழகர் வேலைதான்!

யுனிக்ஸின் சொந்தக்கார கம்பெனி ஏ.டி. அண்ட் டி. சும்மா இருக்குமா? 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் லைசென்ஸில், மூல வரிகளை வகுப்பில் நடத்தக்கூடாது என்று பூட்டுப் போட்டது. உரையோ ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாக ஊர் ஊராகப் பறந்தது! ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர் டேனன்பாம், பாடம் நடத்தவே 1987-ல் சொந்தமாக மினிக்ஸை எழுதினார். அதை வைத்துப் பழகிய ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் லினக்ஸோடு வந்தார்.

லயன்ஸின் உரை முறைப்படி புத்தகமாகக் கடைக்கு வந்தது 1996-ல். 1998-ல் அவர் காலமானார்.