ஐந்நூறு ரூபாய்க் கட்டுரை

இராமநாதபுரம் சமஸ்தானத்து வாரிசு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-இல்தான் முடிந்தது. கணவர் இறந்த பிறகு ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் எடுத்த சுவீகாரம் செல்லும் என்று தீர்ப்பானது. செல்லாது என்றிருந்தால் சமஸ்தானம் கம்பெனி சர்க்கார் வழியில் வந்த கலெக்டர் கைக்குப் போயிருக்கும். அத்தனை வாதமும் இங்கிலீஷில். படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, எதிராளி ஒப்புக்கொள்ளும்படி எழுதவும் தெரிந்திருக்க வேண்டிய காலம் அது.

அந்தக் கலையை நம் ஆட்கள் எப்படிக் கற்றார்கள்? எனக்குப் பிடித்த உதாரணம் திருவாரூர் முத்துசாமி ஐயர். 1832-இல் தஞ்சை ஜில்லாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாள், மாதச் சம்பளம் 1 ரூபாய். பையனின் சூட்டிகையைக் கண்ட தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அவரைப் படிக்க மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே பவல் துரை தலைமையிலான ஹைஸ்கூல். அதுவே பிற்பாடு பிரசிடென்சி காலேஜ் ஆனது. 1854-இல் இங்கிலீஷ் கட்டுரைப் போட்டியில் அவருக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன்: முதலில் வாங்கிய சம்பளத்தில் 41 வருஷம் 8 மாதத்துக்கான தொகை!

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அங்கே கட்டுரை என்றால் முதலில் ஒரு பக்கத்து நியாயம், அடுத்து மறுபக்கத்து நியாயம், கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒரு முடிவு. தாளில் திட்டம் போடாமல் பேனாவைத் தொட்டால் வாத்தியார் விடமாட்டார். சர்க்கார் உத்தியோகத்தில் இங்கிலீஷ் ஃபைலைப் பிடித்தபோது வழி தலைகீழாக இருந்தது. என்ன வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, காரணங்களை எண் போட்டு வரிசையாக வைக்க வேண்டும். பழக நாளானது. ஆனாலும் எதிராளி என்ன சொல்வான் என்று முன்கூட்டியே யோசிக்கும் பிரெஞ்சுப் பழக்கம் மனு எழுதும்போது ரொம்பவே கைகொடுத்தது.

முத்துசாமி ஐயரை மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதியாக்கினார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான். வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் அதை எதிர்த்து எழுதித் தள்ளின. கட்டுரை எழுதி மேலே வந்த மனிதருக்குக் கட்டுரையாலேயே தாக்குதல்! பதில் எழுத இந்தியர் கையில் சரியான பத்திரிகை இல்லை.

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடி விவாதித்துப் பழகிய ஆறு இளைஞர்கள் துணிந்தார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் வாத்தியார்கள். மற்ற நால்வரும் சட்டம் படித்த மாணவர்கள். 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-இல் 80 பிரதி அச்சடித்தார்கள். அதுதான் ‘தி ஹிந்து’, அப்போது வாரப் பத்திரிகை. தமிழில் எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. தீர்மானம் செய்கிறவன் படிக்கிற பாஷையில் எழுதாத மனு எந்த ஆபீஸிலும் நகராது, இது நான் கண்கூடாகக் கண்டது. முத்துசாமி ஐயர் பதவியில் நிலைத்தார். 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார்.

சுப்பிரமணிய ஐயர் இங்கிலீஷோடு நிற்கவில்லை. 1882-இல் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். 1898-இல் ஹிந்துவை விட்டு விலகி முழுக்க முழுக்கத் தமிழ்ப் பத்திரிகைக்கே வந்துவிட்டார். 1904-இல் அங்கே உதவி ஆசிரியராக ஒரு இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். இங்கிலீஷ் செய்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்குவது அவருக்கு முக்கிய வேலை. அதற்குச் சற்று முன்புவரை அந்த இளைஞர் மதுரை சேதுபதி ஹைஸ்கூலில் தமிழ் வாத்தியார். பெயர் சுப்பிரமணிய பாரதி.