லூயிஸ் குட்டியேரெஸ்

லூயிஸ் குட்டியேரெஸ் (பிறப்பு: டிசம்பர் 10, 1953) ஐக்கிய அமெரிக்க அரசியல்வாதி ஆவார். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த இவர், இலினொய் மாநிலத்தின் 4ஆவது தொகுதியிலிருந்து 1993 ஜனவரி முதல் 2019 ஜனவரி வரை ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசின் கீழவையில் (பிரதிநிதிகள் சபை) உறுப்பினராக இருந்தார். குடிவரவுச் சட்டங்களின் சீர்திருத்தத்துக்காகவும், ஆவணமற்ற குடிவரவாளர்கள் நாடுகடத்தப்படுவதற்கு எதிராகவும் போராடியதன் மூலம் இவர் பரவலாக அறியப்படுகிறார். இவர் முன்வைத்த பெருஞ்சீர்திருத்தச் சட்டமூலங்களுள் எதுவும் சட்டமாகவில்லை.

பின்னணி

குட்டியேரெஸ் சிகாகோ நகரில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தார். புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் ஐக்கிய அமெரிக்கக் குடிமக்கள். எனவே நாடுகடத்தல் என்னும் அச்சம் இவருடைய சொந்தச் சமூகத்துக்கு இல்லை. இருந்தும் இவர் இச்சிக்கலைத் தமதாக்கிக் கொண்டதற்கு இவருடைய தொகுதியின் அமைப்பும் ஒரு காரணமாகும். 1990 கணக்கெடுப்புக்குப் பின் வரையப்பட்ட அத்தொகுதி, சிகாகோவின் வடபகுதியிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ மக்களையும் தென்பகுதியிலுள்ள மெக்சிக்கோ வழியினரையும் மேற்கே ஒரு குறுகிய நிலப்பட்டையால் இணைத்தது. அதன் விந்தையான வடிவத்தால் 'காதுமூடித் தொகுதி' என்று கேலியாக அழைக்கப்பட்டது. காங்கிரசுக்குச் செல்லுமுன் 1986 முதல் சிகாகோ நகரமன்ற உறுப்பினராக இருந்தார்.

சட்டச் சிக்கல்

1996இல் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டத்தின்படி, அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறுபவர் 3 ஆண்டுகளுக்கும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கி வெளியேறுபவர் 10 ஆண்டுகளுக்கும் திரும்பி வர இயலாது. எல்லையைக் கள்ளத்தனமாகக் கடந்து வந்த ஒருவர் அமெரிக்கக் குடிமகளை மணந்திருந்தாலும், பொதுவாக நிரந்தர வதிவுரிமை பெற நாட்டை விட்டு வெளியே சென்று விண்ணப்பிக்க வேண்டும். வெளியே சென்றாலோ தடை தொடங்கிவிடும். இதனால் ஊரறிய வாழ வழியிருந்தும் பலர் மறைந்தே வாழ்ந்தனர். பெற்றோர் நாடுகடத்தப்பட, குடியுரிமை பெற்ற குழந்தைகள் பின்தங்கும் நிலையும் ஏற்பட்டது. இக்குடும்பப் பிரிவையே குட்டியேரெஸ் தம் வாதத்தின் மையமாக வைத்தார்.

சட்டமூலங்கள்

சிறுவயதில் அழைத்து வரப்பட்ட மாணவர்களுக்குச் சட்டப்படியான நிலை வழங்கும் சட்டமூலம் ஒன்றை 2001இல் இவர் கொண்டுவந்தார். பின்னர் 'கனவுச் சட்டம்' எனப் பெயர்பெற்ற முயற்சியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. 2007இல் குடியரசுக் கட்சியின் ஜெஃப் பிளேக்குடன் இணைந்து விரிவான சீர்திருத்தச் சட்டமூலம் ஒன்றை முன்வைத்தார். 2009 டிசம்பரில் முன்வைத்த மற்றொன்று, ஈரவைகளிலும் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மை பெற்றிருந்தும், வாக்கெடுப்புக்கு வரவில்லை. கனவுச் சட்டம் 2010 டிசம்பர் 8 அன்று கீழவையில் 216-198 என நிறைவேறியது. பத்து நாட்கள் கழித்து மேலவையில் 55 வாக்குகள் கிடைத்தும், விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்குகள் இல்லாமையால் வீழ்ந்தது.

ஒபாமாவுடன் முரண்பாடு

பராக் ஒபாமாவும் சிகாகோ அரசியலிலிருந்து வந்தவர். குட்டியேரெஸ் அவரை ஆதரித்தவர். எனினும் ஒபாமா ஆட்சியில் நாடுகடத்தல் பெருகி, 2012 நிதியாண்டில் ஏறத்தாழ 4 இலட்சத்தைத் தொட்டது. 2010 மே 1 அன்றும் 2011 ஜூலையிலும் வெள்ளை மாளிகை முன் நடந்த போராட்டங்களில் குட்டியேரெஸ் கைதானார். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தம் கட்சித் தலைவரின் வாயிலிலேயே இவ்வாறு கைதாவது அரிது. காங்கிரசு சட்டம் இயற்றாவிடினும், யாரை நாடுகடத்துவது என்று தெரிவு செய்யும் அதிகாரம் நிர்வாகத்திடம் உண்டு என்பது இவருடைய வாதம். அத்தகைய அதிகாரம் தமக்கில்லை என்றே ஒபாமா முதலில் கூறிவந்தார்.

2012 ஜூன் 15 அன்று அரசு தன் நிலையை மாற்றியது. 16 வயதுக்கு முன் வந்து, அந்நாளில் 31 வயது நிறையாதவர்களுக்கு, கல்வி முதலிய பிற நிபந்தனைகளுடன், நாடுகடத்தலை ஈராண்டுகளுக்கு ஒத்திவைத்து வேலை அனுமதியும் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பங்கள் தொடங்கிய ஆகஸ்ட் 15 அன்று, குட்டியேரெசும் மேலவை உறுப்பினர் டிக் டர்பினும் பங்கேற்ற சிகாகோ நிகழ்வில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். காலப்போக்கில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தால் பயனடைந்தனர். ஆனால் இது ஒத்திவைப்பே. குடியுரிமைக்கு வழி திறக்கவில்லை. பெற்றோருக்கு இதைப்போன்ற பாதுகாப்பளிக்க 2014இல் அறிவிக்கப்பட்ட திட்டம், 2016இல் உச்ச நீதிமன்றம் 4-4 எனப் பிளவுபட்டதால் நடைமுறைக்கு வரவில்லை.

விமர்சனமும் விலகலும்

குட்டியேரெஸ் சட்டத்தை மீறியவர்களுக்குப் பரிசளிக்க முனைகிறார் என்று எதிர்ப்பாளர் குறை கூறினர். கைதுகள் வெறும் விளம்பரம் என்றோரும் உளர். ஆனால் விட்டுக்கொடுக்க மறுப்பவர் என்ற குற்றச்சாட்டு முழுதும் பொருந்தாது. 2018 ஜனவரியில், 'கனவாளர்'களைக் காக்க டொனால்ட் டிரம்ப் கோரிய எல்லைச் சுவருக்கு நிதி ஒதுக்கவும் தாம் உடன்படுவதாக இவர் அறிவித்தார். அச்சுவரை இவர் கடுமையாக எதிர்த்து வந்தவர். அந்த உடன்பாடும் கைகூடவில்லை.

மீண்டும் போட்டியிடப் போவதில்லை என 2017 நவம்பரில் அறிவித்தார். 2019இல் ஜெசூஸ் கார்சியா இவருக்குப் பின் பதவியேற்றார். ஒத்திவைப்புத் திட்டத்தை நிறுத்த டிரம்ப் அரசு எடுத்த முடிவை 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தள்ளுபடி செய்தது. 2021 ஜூலையில் டெக்சாசிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் ஒன்று புதிய விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் அளிப்பதைத் தடை செய்தது.