சாரல் எழுதும் வரலாறு

ஆனித் திங்கள். ஐந்தருவியில் ஐந்து வெள்ளிக் கீற்றுகள் பாறையைத் தழுவி வீழ்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுடன் சென்றிருந்தேன். "ஐயா, இங்கே சாரல், கிழக்கே நம் ஊரில் புழுதி. ஏன்?" என்றான் ஒரு சிறுவன். அருகில் நின்ற பெரியவர் முந்திக்கொண்டார்: "எல்லாம் அவரவர் தலையெழுத்து, தம்பி!"

தலையெழுத்தா? எழுதியவர் யார்? வரலாற்று ஏட்டைப் புரட்டுவோம், வாருங்கள்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் உலகை ஐந்து மண்டலங்களாகக் கண்டார். இரு முனைகளிலும் கடுங்குளிர், அவற்றை அடுத்து மிதவெப்பம், நடுவே கொடுவெப்பம். அந்நடு மண்டலத்தில் மனிதர் வாழ இயலாது என்றார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கும் குற்றாலமும் அம்மண்டலத்தில்தான்! வாழ இயலாதென்று அவர் ஒதுக்கிய நிலத்தில் தமிழன் வாழ்ந்தான். நிலத்தையும் பொழுதையும் இணைத்து முதற்பொருள் என்றும் வகுத்தான். அறிஞர் உரையேயாயினும் ஆராயாது ஏற்கலாமோ?

அட்சரேகை மட்டுமே தட்பவெப்பத்தை ஆள்வதில்லை. பனாமா நகரும் அடிஸ் அபாபாவும் ஏறத்தாழ நம் 9 பாகையில்தான் உள்ளன. கடலோரப் பனாமாவில் புழுக்கம்; உயர்ந்த மேட்டுநில அடிஸ் அபாபாவில் குளிர்ச்சி. கதிரவன் ஒன்றே, காற்றும் கடலும் மலையும் வேறு!

காற்றின் கதையை ஆராய்ந்தனர் இருவர். கதிரவன் வெப்பமே காற்றை இயக்குகிறது என்றார் எட்மண்ட் ஹாலி, 1686-இல். புவியின் சுழற்சி அதன் போக்கைத் திருப்புகிறது என்றார் ஜார்ஜ் ஹாட்லி, 1735-இல். தென்கோளத்துக் காற்று நடுக்கோட்டைக் கடந்ததும் வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. மேலேறிக் குளிர்ந்த முகில் கேரளத்தில் பொழிகிறது. மிச்சமே ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து நமக்குச் சாரலாகிறது. 1904-இல் கொல்லம் - செங்கோட்டை இருப்புப்பாதை வந்ததும் அவ்வழியேதான். காற்றுக்கும் வண்டிக்கும் ஒரே வாசல்! கிழக்கே இறங்கும் காற்றோ வெப்பமுற்று வறள்கிறது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறதேயன்றி வயலை நனைப்பதில்லை. சிறுவனே, உன் ஊர்ப் புழுதிக்குக் காரணம் இதுதான்!

இது வெறும் பாடப்புத்தகச் செய்தியன்று. 1876 முதல் 1878 வரை தாது ஆண்டுப் பஞ்சத்தில் இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணமெங்கும் பிணக்காடு. விதி என்று அழுதனர் மக்கள். அந்நாளிலும் தானியம் கப்பலேறிற்று, அதுவும் விதியா?

1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர், மழை பொய்ப்பதை முன்னறிய முனைந்தார். இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் இடையே காற்றழுத்தம் ஊஞ்சலாடுவதைக் கண்டார். அவ்வூஞ்சலைப் பசிபிக் கடல்நீரின் வெப்பத்தோடு இணைத்துக் காட்டினார் ஜேக்கப் பியர்க்னஸ், 1969-இல். 1877-இல் அக்கடல் வழக்கத்தை மீறி வெப்பமுற்றிருந்தது என்பதை இன்று அறிவோம்.

மழை பொய்த்தது கடலால். மக்கள் மடிந்தது களஞ்சியத்தைத் திறவாத ஆட்சியால். இரண்டையும் தலையெழுத்தென்று ஒரே மூட்டையாகக் கட்டினால் கடலும் புரியாது, கயவரும் தப்புவர்!

தோழர்களே, அருவியில் குளியுங்கள், ஆனந்தம் கொள்ளுங்கள். தலை துவட்டும்போது அச்சிறுவன் கேட்டதை நீங்களும் கேளுங்கள்: ஏன்?